ஒரே கம்பத்தில் ஓமும் இல்லையும்

எங்கள் சமையலறை யன்னலால் எட்டிப் பார்த்தால் ஒரு லைற் கம்பம் தெரியும். தேர்தல் வந்தால் அந்தக் கம்பத்தில் முகங்கள் தொங்கும். சிரிக்கிற முகம், கழுத்தில் ரை கட்டின முகம், மழையில் நனைந்து கன்னம் ஊதிப்போன முகம். அந்த வசந்த காலத்தில் முகங்கள் வரவில்லை. இரண்டு அட்டைகள் மட்டும் வந்தன. மேலே இருந்ததில் "யா" என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரு முழம் கீழே, இன்னொன்றில் "நை". ஓமும் இல்லையும் ஒரே கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றன.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஊரில் ஐந்தாம் வகுப்போடு சரி. இந்த நாட்டு மொழியைக் கோழித் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்ற பெண்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகினேன். வாசிக்கச் சொன்னால் ஆறுதலாக, எழுத்தெழுத்தாகத்தான் வாசிப்பேன். ஆனால் அந்த இரண்டு சொல்லும் எனக்கு வடிவாகத் தெரியும். மேற்பார்வைக்காரனுடைய முகத்துக்கு நேரே "நை" என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் வேலை செய்து ஓய்வூதியமும் எடுத்தவள் நான். அந்தச் சொல்லை எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

விசயம் இதுதான். டென்மார்க் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கிறது, ஆனால் முழுதாக இல்லை. ஒரே வளவுக்குள் ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மருமகள், நல்ல கெட்டிக்காரி. கிணறு எல்லாருக்கும் பொது, படலை பொது, நல்லது கெட்டது எல்லாம் பொது. அடுப்பு மட்டும் அவளுக்குத் தனி. ஏன் என்று கேட்டால், என்ரை கறிதான் எனக்குப் பிடிக்கும் என்பாள். டென்மார்க் அந்த மருமகள். காசு தன்னுடைய குரோன்தான் என்று நிற்கிறது. படை விசயத்திலும் தான் தனி என்று முன்னமே சொல்லி வைத்திருந்தது. யுக்ரேனில் சண்டை தொடங்கிய அந்த வருசம், படைக்கு மட்டுமாவது தனி அடுப்பை அணைத்துவிட்டுப் பொது அடுப்புக்குப் போவோமா என்று சனத்திடம் கேட்டார்கள். ஓம் என்றால் போகலாம். இல்லை என்றால் இருந்தபடி இருக்கலாம்.

ஒடென்சேயில் இருக்கும் என் மகளுக்கு ரெலிபோனில் இதை இப்படியே சொன்னேன். அவள் சிரித்துப்போட்டு, அம்மா, ரீவியில் இதையே ஒரு மணித்தியாலமாக விளங்கப்படுத்துகிறார்கள், எனக்கு இப்போதுதான் விளங்கியது என்றாள். அவர்களுக்கும் வேலை வேண்டும்தானே என்றேன் நான்.

எங்கே போனாலும் அதே கதைதான். பேக்கரியில் கதைத்தார்கள், டொக்டரின் காத்திருக்கிற அறையில் கதைத்தார்கள், ஃபியோர்ட் கடற்கரைப் பக்கம் நாய் கூட்டிக்கொண்டு நடக்கிற ஆட்கள் நாயை நிற்பாட்டி வைத்துவிட்டுக் கதைத்தார்கள். டேனிஷ் சனம் கத்திக் கதைக்காது. ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு தலையை ஆட்டி, நீ சொல்வது முழுப் பிழை என்று மரியாதையாகச் சொல்வார். எங்கள் வீட்டில்தான் அந்த மரியாதை இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைகளில் கடதாசி விளையாட்டு நடக்கும். முன்னூற்றி நாலு. அந்தச் சீட்டாட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். இரண்டு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மற்றப் பக்கம். என்ரை அவரும் என் தம்பியும் ஒரு பக்கம். நானும் மன்னார் ஆள் ஒருவரும் எதிர்ப் பக்கம். மன்னார் ஆள் இந்த வைலே நகரத்தில் பஸ் ஓடி ஓய்வெடுத்தவர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். யாருக்கும் எதிராக ஒரு சொல் வாயால் வராது. தம்பி என்று நான் சொன்னாலும் அவனுக்கும் அறுபது தாண்டிவிட்டது. மனைவி கண்ணை மூடினபின் எங்கள் குடியிருப்பிலேயே எதிர்ப் படிக்கட்டில் இரண்டாம் மாடியில் தனிய இருக்கிறான். சனிக்கிழமை விளையாட்டும் அதற்குப் பிறகு என் கைச் சாப்பாடும்தான் அவனுடைய கிழமையில் கலகலப்பான பொழுது. வாய் திறந்து அப்படிச் சொல்லமாட்டான். சாப்பிடுகிற விதத்தில் தெரியும்.

எங்கள் விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தோற்ற பக்கத்து ஆட்கள் இரண்டு பேரும் காதில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பைக் கொழுவ வேண்டும். அடுத்த ஆட்டத்தில் வெல்லும்வரை கழற்றக் கூடாது. ஊரில் இதற்கு ஓலைக் கீலத்தை மடித்துக் கொழுவினோம். இங்கே ஓலைக்கு எங்கே போவது, கிளிப் கிடைத்தது. ஒருமுறை தம்பி காதில் கிளிப்போடு கடைக்குப் போய்ப் பாலும் பாணும் வாங்கி வந்தான். கல்லாவில் இருந்த பிள்ளை ஒன்றும் கேட்கவில்லையாம். நல்ல வாரவிடுமுறையாக அமையட்டும் என்று வாழ்த்தித்தான் அனுப்பினாளாம். இந்த நாட்டுச் சனம் அப்படித்தான். அடுத்தவர் காதில் என்ன தொங்கினாலும் அது அடுத்தவர் காது.

இந்த வாக்கெடுப்பில் என்ரை அவர் ஓம் பக்கம். தம்பி இல்லைப் பக்கம். இவருடைய நியாயம் என்னவென்றால், தனிய நிற்கிறவனைத்தான் எல்லாரும் அடிப்பார்கள், எங்களை அடிக்கும்போது யார் வந்தது, பெரிய கூட்டத்தோடு சேர்ந்து நின்றால் ஒருவனும் கை வைக்கமாட்டான் என்பது. தம்பியின் நியாயம், படை என்று ஒன்று சேர்ந்தால் அது சும்மா இராது, சமாதானத்துக்கு என்று வந்த படையையே நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள், இதில் எந்தப் படைக்கும் ஓம் என்று சொல்ல என் கை போகாது என்பது. ஊரில் ஒரே ஒழுங்கையில் இருந்து, ஒரே காலத்தில், ஒரே காரணத்துக்காக ஓடி வந்த இரண்டு பேர். இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் கரைச்சல். ஒருவர் சொன்னது பிழை என்றால் நான் ஒரு அதட்டுப் போட்டு முடித்திருப்பேன்.

அன்று சனிக்கிழமை விளையாட்டு தொடங்கும்போதே வாய் தொடங்கிவிட்டது. தாள் பிரிக்கும்போது ஒன்றியம், தாள் இறக்கும்போது ஒன்றியம். அவர்கள் பக்கம் முதல் ஆட்டம் தோற்று இரண்டு பேருடைய காதிலும் கிளிப். அடுத்த ஆட்டத்தில் இவர் இறக்கிய தாள் எப்படியும் வெல்லப்போகிற தாள். தம்பி கதை மும்முரத்தில் கவனிக்காமல் அதற்கு மேல் துரும்பைப் போட்டுவிட்டான். தன் பக்கத்து ஆளையே வெட்டியது போலாயிற்று. விளையாட்டுத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு எரிச்சல் என்று.

இவர் தாளை மேசையில் வைத்தார்.

"பாத்தீரே, கூட நிக்கிறவனையே வெட்டுறான். நீ எப்பவும் உப்பிடித்தான் மச்சான். கோயில் சபையிலை சேரேல்லை, சங்கத்திலை சேரேல்லை. நாலு பேரோடை சேர்ந்து நிக்கத் தெரியாத ஆள். உனக்குத் தனிய இருக்கிறதுதான் சரி."

தனிய என்ற அந்த ஒரு சொல். எங்கே போய் விழுந்தது என்று எனக்குத் தெரிந்தது, மன்னார் ஆளுக்கும் தெரிந்தது. சொன்னவருக்கு மட்டும் தெரியவில்லை.

தம்பி தன் தாள்களை நிமிர்த்தி வைத்தான். "ஓம் அத்தான். எனக்குத் தனியத்தான் சரி" என்றான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். காதில் கிளிப் அப்படியே இருந்தது.

அடுப்பில் பிட்டும் கணவாய்க் கறியும் ஆவி பறந்துகொண்டு இருந்தன. எங்கள் ஆட்களில், சமைத்தது அடுப்பில் இருக்க ஒருவன் எழும்பிப் போவது சின்ன விசயம் இல்லை. அடுத்த நாள் நான் பிட்டையும் கறியையும் பெட்டியில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கினான், நன்றி அக்கா என்றான். பெட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினான். வெறும் பெட்டி. எங்களுக்குள் பெட்டி ஒருநாளும் வெறுமையாகத் திரும்பாது. ஒரு அப்பிளாவது, ஒரு பிடி பிஸ்கட்டாவது உள்ளே கிடக்கும். அந்த வெறும் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இந்த நாட்டில் என்னை அக்கா என்று கூப்பிடுகிற சனம் நிறைய. அக்காவாகப் பிறந்தது அவன் ஒருவனுக்குத்தான்.

அதற்குப் பிறகு கதை பேச்சில்லை. எங்கள் ஆட்கள் கதைக்காமல் விடுவதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முகத்தை முகம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆளிடம் சொல்வார்கள். போத்தல் போடுகிற தொட்டியடியில் ஒருநாள் மூன்று பேரும் சந்தித்தோம். தம்பி ஒரு கை தூரத்தில் நிற்கிறான். இவர் என்னைப் பார்த்து, "இஞ்சை, உந்த ஆளிட்டைச் சொல்லும், சைக்கிளை நடைபாதையிலை விட வேண்டாமெண்டு" என்கிறார். தம்பி என்னைப் பார்த்து, "அக்கா, அது என்ரை சைக்கிள் இல்லையெண்டு அங்கை சொல்லுங்கோ" என்கிறான். நான் இரண்டு பேரையும் பார்த்து, எனக்குக் காது இரண்டும் சுகம், ஆனால் வாய் வாடகைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு என் போத்தல்களைப் போட்டேன்.

மன்னார் ஆள் நல்ல மனத்தோடு தூது போனார். ஆனால் அவரால் கசப்பான சொல்லைச் சுமக்க முடியாது, வழியில் எல்லாம் இனிப்பாகிவிடும். இவர் கிழட்டுக் குரங்கு என்று திட்டி அனுப்பினால், அங்கே போய் அண்ணை சுகம் விசாரித்தவர் என்று சொல்வார். தம்பி என்ன மூடன் என்று நினைத்தீர்களா, அத்தான் சுகம் விசாரிக்கிற ஆள் இல்லை என்று அவனுக்குத் தெரியாதா. இரண்டு சனிக்கிழமை மூன்று பேராக இருந்து தேத்தண்ணி குடித்தோம். மூன்று பேருக்கு முன்னூற்றி நாலு விளையாட வராது.

மகளுக்குச் சொன்னேன். அவள் டேனிஷில், அம்மா அது அரசியல் மட்டும்தானே என்றாள். அந்த "மட்டும்" என்ற சொல்லைக் கேட்டதும், இவள் இங்கே பிறந்தவள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போதுதான் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் விவாதக் கூட்டம் வைத்தார்கள். ஓம் பக்கம் ஒருவர், இல்லைப் பக்கம் ஒருவர், இரண்டு பேரும் மேடையில் இருந்து கதைப்பார்கள், சனம் கேள்வி கேட்கலாம். இடைவேளைக்கு எங்கள் பெண்கள் வடையும் ரோல்ஸும் செய்து தர முடியுமா என்று குடியிருப்போர் குழுவில் கேட்டார்கள். நான் உடனே சம்மதித்தேன். ஒன்றியத்துக்காக இல்லை. கூட்டம் என்றால் இவரும் வருவார், தம்பியும் வருவான், என் வடையை மணந்துகொண்டு எத்தனை நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள் என்று பார்ப்போம் என்றுதான்.

வந்தார்கள். ஒருவர் முன் வரிசையில் வலது தொங்கல், மற்றவன் பின் வரிசையில் இடது தொங்கல். சரி நடுவில் மன்னார் ஆள்.

மேடையில் ஓம் பக்கத்துக்கு நரைத்த தாடியோடு ஒரு நெட்டை மனிதர். இல்லைப் பக்கத்துக்குச் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு கட்டையான பெண். இரண்டு பேரும் என்னிலும் கொஞ்சம் இளமை. அந்தப் பெண் எழும்பி, இவர் சொல்வதை நம்பினால் நாளைக்கு யாரோ ஊர் பெயர் தெரியாத ஒருவன் மேசையில் இருந்து எங்கள் பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்புவான், இவர் குழந்தைப் பிள்ளை மாதிரிக் கதைக்கிறார் என்றாள். அந்த மனிதர் எழும்பி, இவவுடைய எண்ணங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நூதனசாலையில் காட்டலாம், உலகம் பற்றி எரிகிறது, இவ யன்னல் திரையை இழுத்து மூடச் சொல்கிறா என்றார். சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்தில் நாலு பேர் முன்னால் இப்படி ஒரு வார்த்தை வந்தால், அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் பேரப்பிள்ளைகள் காலம்வரை கலியாணச் சாப்பாடு இல்லை.

இடைவேளை வந்தது. நான் பெண்களிடம் சொன்னேன், இரண்டு பேரையும் ஒரே மேசைக்கு விடாதேங்கோ என்று. சுவரோரம் ஒரு மேசை, மேடையோரம் ஒரு மேசை. இரண்டிலும் வடை, இரண்டிலும் கோப்பிப் போத்தல். அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துச் சுவரோரம் கூட்டிப்போனேன். அவள் இரண்டு கோப்பையில் கோப்பி ஊற்றிக்கொண்டு தாடிக்காரர் நின்ற பக்கம் நடக்கத் தொடங்கினாள். மூஞ்சியில் ஊற்றப் போகிறாளாக்கும் என்று நினைத்து நான் குறுக்கே போய் நின்று, ஒரு கோப்பையைக் கையில் இருந்து வாங்கிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன், மனதில் வைத்திராதே, சூட்டில் வந்த வார்த்தை, அவரைப் பார்த்தால் மோசமான மனிதர் மாதிரித் தெரியவில்லை. அவள் சிவப்புக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். மோசமான மனிதர் இல்லைத்தான் என்றாள்.

பாதி வேலை முடிந்தது என்று எனக்குச் சந்தோசம். மறுபக்கம் போய் அந்த மனிதருக்கும் வடையை நீட்டி, அந்த அம்மாவும் நல்லவதான், கதைதான் கொஞ்சம் காரம் என்றேன். அவர் வடையைக் கடித்து, கண்ணை மூடித் திறந்து, ஓம், அவள் நல்லவள்தான், இரவில் குறட்டை மட்டும் கொஞ்சம் கூட என்றார்.

இந்த மனிதனுக்கு அவளுடைய குறட்டை எப்படித் தெரியும் என்று நான் அப்படியே நின்றேன். தட்டும் கையுமாக நின்ற என் முகம் எப்படி இருந்ததோ, அவர் மோதிர விரலைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் அவளும் வந்து, இவ என் கோப்பியைப் பறித்துவிட்டா, உனக்குக் கொண்டுவந்த கோப்பி என்று அவரிடம் முறைப்பாடு செய்தாள். புருசனும் பெண்சாதியும். கலியாணம் முடித்துக் காலம் போய்விட்டதாம். ஒன்றியத்தைப் பற்றி இந்த நாட்டில் எத்தனை முறை வாக்குக் கேட்டார்களோ, அத்தனை முறையும் இவர் ஓம், அவள் இல்லை. வாக்கு எண்ணி முடிய, தோற்றவர் சமைப்பாராம். வென்றவர் குறை சொல்லாமல் சாப்பிட வேண்டுமாம். கோபம் வராதா என்று கேட்டேன். வரும் என்றாள். அப்போ கதைக்காமல் இருக்கமாட்டீர்களா என்றேன். கதைக்காமல் விட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பது என்று கேட்டாள் அந்தப் பெண்.

நான் திரும்பிப் பார்த்தேன். வலது தொங்கலில் இவர் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு இருந்தார். இடது தொங்கலில் தம்பியும்.

கூட்டம் முடிந்தால் வந்த சனமே கதிரைகளை அடுக்கிவிட்டுப் போவது இங்கே வழக்கம். இவர் வலது பக்கம் தொடங்கினார், தம்பி இடது பக்கம் தொடங்கினான். அடுக்கி அடுக்கி நடுவுக்கு வர, கடைசிக் கதிரையில் இரண்டு பேருடைய கையும் பட்டது. நான் ஈரத் துணியோடு அங்கே போய் நின்றேன்.

"இஞ்சை கேளுங்கோ ரண்டு பேரும். தோக்கிற ஆள் சமைக்கிறது. வெண்ட ஆள் வந்து சாப்பிடுறது. காதிலை கிளிப்பும் கொழுவுறது. இது என்ரை சட்டம்."

இவர் என்னிடம் சொன்னார். "உந்த ஆள் சமைச்சு நான் சாப்பிடுறதோ? ஆஸ்பத்திரி கிட்ட இருக்கோ எண்டு கேளும்."

தம்பியும் என்னிடம்தான் சொன்னான். "அத்தானுக்கு முட்டை அவிக்கத் தெரியுமோ எண்டு கேளுங்கோ அக்கா."

ஓம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு அது காணும்.

வாக்குப் போடுகிற நாள் பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்துக்குப் போனோம். வாசலில் கொடி ஏற்றியிருந்தார்கள். இவர் முன்னால், நான் நடுவில், தம்பி பின்னால் கொஞ்சத் தூரம் விட்டு. உள்ளே மேசையில் இருந்த பிள்ளை என் வாக்காளர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, உதவி ஏதும் வேண்டுமா என்று அன்பாகத்தான் கேட்டாள். நான் வாய் திறக்க முன்னம் இவர், ஓம் வேண்டும், இவவுக்கு வாசிக்கக் கஷ்டம், நான் கூடப் போகிறேன் என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து, "நை" என்றேன். தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரனுக்குச் சொன்ன அதே "நை". பிள்ளை சிரித்துக்கொண்டு வாக்குச் சீட்டை என் கையில் தந்தாள்.

திரைக்குள் போனேன். சீட்டில் யா ஒரு பெட்டி, நை ஒரு பெட்டி. எனக்கு அவசரம் இல்லை. இவர் சொன்னதை நினைத்தேன், எங்களை அடிக்கும்போது யார் வந்தது என்று. தம்பி சொன்னதை நினைத்தேன், வந்த படையை. அந்த நெட்டை மனிதர் சொன்னது, சிவப்புக் கண்ணாடிக்காரி சொன்னது. யுக்ரேனில் இருந்து புதிதாக வந்து எங்கள் உடுப்புத் தோய்க்கிற அறையில் மெசினுக்கு முன்னால் பேசாமல் நின்ற ஒரு தாயை நினைத்தேன். அவளுக்கு நான்தான் எந்தப் பொத்தானை அமத்துவது என்று காட்டிக் கொடுத்தேன். வெளியே இவர் செருமுகிற சத்தம் கேட்டது. செருமட்டும் என்று நின்றேன். பிறகு என் கையால் ஒரு புள்ளடி போட்டேன்.

வெளியே வர இரண்டு பேரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். கடதாசி விளையாட்டில் பழகின முகம் இது, அதில் ஒன்றும் எழுதியிராது.

"நான் சொன்னபடிதானே போட்டனீர்?" என்றார் இவர்.

"பெட்டிக்குள்ளை கிடக்கு. போய்க் கேளுங்கோ" என்றேன்.

அடுத்த நாள் விடிய ரேடியோவில் சொன்னார்கள். ஓம் பக்கம் வென்றுவிட்டது, அதுவும் நல்லாக வென்றுவிட்டது. இவர் ஒன்றியத்தைத் தானே தனியத் தோளில் தூக்கி வைத்தவர் மாதிரி வீட்டுக்குள் நடந்தார். தம்பி வீட்டு யன்னல் திரை திறக்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. இவர் காலையிலேயே அயன் பண்ணின சேட்டுப் போட்டுக்கொண்டு யன்னலடியில் இருந்தார். ஆரையும் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்களோ என்றேன். இல்லை, மழை வருமோ என்று பார்க்கிறேன் என்றார். வானத்தில் ஒரு முகில் இல்லை. மன்னார் ஆளை அனுப்பி அந்தப் படிக்கட்டில் சமையல் மணம் ஏதும் வருகிறதா என்று பார்த்து வரச் சொன்னேன். போய் வந்தார். "நல்ல அமைதியா இருக்கக்கா" என்றார். கெட்ட செய்தியை அதற்கு மேல் அவரால் கெடுதலாகச் சொல்ல வராது.

நான் கதிரையில் இருந்து யோசித்தேன். என் சட்டத்தில் எங்கேயோ ஒரு ஓட்டை இருக்கிறது. அந்தத் தாடிக்காரரும் பெண்சாதியும் தோற்றாலும் ஒரே குசினிக்குள்தான் நிற்கிறார்கள். இவன் தோற்று, தனிய நின்று, தனியச் சமைத்து, வென்றவருக்குக் கொடுக்க வேண்டும். இவர் சொன்ன அந்தச் சொல்தான் மறுபடியும் அவன் வீட்டுக்குள் போய்க் குந்தியிருக்கிறது. முன்னூற்றி நாலில் ஒருவன் தனியத் தோற்பதில்லை. தோற்றால் இரண்டு பேர் தோற்பார்கள், இரண்டு காதில் கிளிப் தொங்கும்.

கிளிப் பையைத் திறந்தேன். ஒன்றை எடுத்து என் காதில் கொழுவினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எதிர்ப் படிக்கட்டுக்கு நடந்தேன். வழியில் ஒரு டேனிஷ் பெடியன் கதவைத் திறந்து பிடித்து, நல்ல வாரவிடுமுறையாக அமையட்டும் என்றான்.

தம்பி கதவைத் திறந்தான். குசினி மேசையில் தக்காளி போட்ட மக்ரெல் மீன் ரின்கள் அடுக்கியிருந்தன, ஒன்றும் திறக்கவில்லை. வெங்காயம் ஒன்று பாதி உரித்தபடி. சமைக்கத்தான் நினைத்திருக்கிறான். அவன் என் காதைப் பார்த்தான்.

"அக்கா, நீங்களுமோ?"

"கத்தி எங்கை? நான் வெங்காயம் வெட்டுறன். கறி நீதான் வைக்கவேணும்."

அவன் கத்தியை எடுத்து நீட்டினான். பிறகு யன்னல் திரையில் கொழுவி வைத்திருந்த கிளிப்பைக் கழற்றித் தன் காதில் கொழுவினான். எங்கள் வீட்டில் இருந்து அன்றைக்குப் போன அதே கிளிப். அதைக் கண்டதும் எனக்கு வெங்காயம் வெட்ட முன்னமே கண் எரிந்தது.

ரின் மீன் கறி ஒன்றுதான் அவனுக்கு வரும். அதை மட்டும் வடிவாக வைப்பான். தாளிதம் போட்டதும் நான் யன்னலை அகலத் திறந்துவிட்டேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இவர் யன்னலடியில் இருந்ததும், சட்டென்று எழும்பினதும் தெரிந்தது. சோறு இறக்க முன்னம் கதவு மணி அடித்தது. இவர் முன்னால், மன்னார் ஆள் பின்னால். இவர் உள்ளே வந்து என் காதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். தம்பியின் கிளிப்பை அவர் பார்க்கவே இல்லை.

"நீருமோ?" என்றார்.

"சோறு ஆறுது. இருங்கோ" என்றேன்.

சாப்பிட்டார்கள். மன்னார் ஆள் மட்டும் கறி நல்லம், கறி நல்லம் என்று மூன்று பேருக்கும் சேர்த்துச் சொன்னார். இரண்டாம் முறை சோறு போட்ட பிறகு இவர் தலையைத் தூக்கினார். என்னைப் பார்க்கவில்லை. நேரே தம்பியைப் பார்த்தார்.

"மச்சான், உப்புக் காணாது."

"உங்களுக்கு உப்புக் கூடாதெண்டு டொக்டர் சொன்னவர் அத்தான்."

"அதுக்காக இவ்வளவு குறைக்கிறதோ?"

"தனிய உங்களுக்கெண்டு குறைச்சனான்."

அவ்வளவுதான். சொன்னதைத் திரும்ப எடுக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எங்கள் ஆண்களுக்கு அது வராது, நான் எதிர்பார்க்கவும் இல்லை. சாப்பிட்டுக் கை கழுவினதும் இவர் சேட்டுப் பொக்கற்றில் இருந்து தாள் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். தனக்கு எதிர்க் கதிரையைக் காலால் இழுத்து, "இதிலை இரு" என்றார். எதிர்க் கதிரை தன் பக்கத்து ஆளுக்கான கதிரை. தம்பி இருந்தான்.

நான் எதற்குப் போட்டேன் என்று இவர் இன்னும் கேட்கிறார். கோப்பி குடிக்கும்போது கேட்பார், பஸ்ஸில் கேட்பார், அரை நித்திரையில் இருக்கும்போது கேட்டால் சொல்லிவிடுவேன் என்று அப்போதும் கேட்பார். காதில் கிளிப் கொழுவினதால் இல்லைதான் போட்டிருப்பேன் என்று அவருக்குப் பாதி நம்பிக்கை. உடுப்புத் தோய்க்கிற அறையில் அந்த யுக்ரேன் தாயோடு நான் நிற்கிறதைக் கண்டால் மற்றப் பாதி. தம்பி ஒருநாளும் கேட்டதில்லை. உங்களுக்கும் நான் சொல்லப் போவதில்லை. அந்தத் திரை எனக்கு மட்டும் இழுத்து மூடின திரை.

அன்றைய ஆட்டத்தில் நானும் மன்னார் ஆளும் வென்றோம். தம்பி காதில் ஏற்கெனவே கிளிப் இருந்தது, அவனுக்குப் புதிதாகக் கொழுவ வேண்டியிருக்கவில்லை. என் காதில் இருந்ததைக் கழற்றி, ஓம் பக்கம் நின்று வென்ற என்ரை அவருடைய காதில் நானே கொழுவிவிட்டேன்.